தெருவின் பாதுகாப்பு: குடியிருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியிருப்போர் கூட்டம் எதுவானாலும் பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டால் அதே சில சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களோடு ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப் போகச் சிக்கலானவை.

குற்றத்தைத் தடுக்கிறது போலீஸ் வேலைதானே? நாங்க என்ன பண்ண முடியும்?

போலீஸ் பெரும்பாலும் குற்றம் நடந்த பிறகுதான் வருகிறது. நடப்பதற்கு முன்பு அந்த இடத்தில் இருப்பவர்கள் நீங்களும் உங்கள் அண்டை வீட்டாரும்தான். லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1979-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். குற்றம் செய்யத் துணிந்த ஒருவன், அவன் கைக்கு எட்டும் ஒரு பொருளோ ஆளோ, கவனிக்க யாரும் இல்லாத ஒரு நேரம் - இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போதுதான் குற்றம் நடக்கிறது. முதலாவது நம் கையில் அதிகம் இல்லை. மற்ற இரண்டும் இருக்கின்றன.

சிகாகோ நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பேசி நடத்திய ஓர் ஆய்வு 1997-இல் வெளிவந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் பக்கத்து வீட்டார் ஏதாவது கேட்பார்களா என்பது போன்ற சாதாரணக் கேள்விகளைத்தான் கேட்டார்கள். ஒருவரை ஒருவர் நம்பி, தேவைப்பட்டால் தலையிடவும் செய்கிற பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமை போன்ற காரணங்களைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான்.

எங்க தெருவுல இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலையே. இப்பவே எதுக்கு?

ஒன்றும் நடக்காத காலத்தில்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி நிதானமாகப் பேச முடியும். திருட்டு நடந்த மறுநாள் கூடினால், யார் மேல் சந்தேகம் என்ற பேச்சிலேயே கூட்டம் முடிந்துவிடும்.

சரி, எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

உங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும், எதிரிலும், பின்னாலும் இருக்கும் வீட்டாரின் பெயரையும் ஃபோன் நம்பரையும் வாங்கி வையுங்கள். உங்களுடையதைக் கொடுங்கள். சங்கம், பதாகை, அடையாள அட்டை எதுவும் இந்தக் கட்டத்தில் தேவையில்லை.

அப்புறம், பேச்சோடு பேச்சாகச் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பகலில் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? தனியாக இருக்கும் முதியவர் உண்டா? அவர்களுடைய வண்டி எது? அவசரம் என்றால் எந்த உறவினரைக் கூப்பிடுவது? இவ்வளவு தெரிந்தாலே தெருவில் எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறானது என்று உங்கள் கண்ணுக்குப் பட ஆரம்பிக்கும்.

நல்ல பூட்டா வாங்கிப் போட்டா போதாதா?

பூட்டு நன்றாக இருந்தாலும் கதவு உதைக்கு நிற்காது என்ற நிலைமை நிறைய வீடுகளில் இருக்கிறது. கதவைத் திறந்து வைத்து நிலைச் சட்டத்தைப் பாருங்கள். பூட்டின் தாழ் போய் விழும் இடத்தில் ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அதிலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். விரலின் ஒரு கணு நீளம்தான் இருக்கிறது என்றால், பூட்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் இரண்டு உதையில் தகடு மரத்தோடு பெயர்ந்து வந்துவிடும். மர நிலையாக இருந்தால், அதைத் தாண்டிச் சுவர் வரைக்கும் போகிற மாதிரி, ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் நீளமுள்ள திருகாணிகளை மாட்டச் சொல்லுங்கள். கீல்களுக்கும் அப்படியே. ஒரு தச்சருக்குச் சொற்ப நேர வேலை இது. பாதுகாப்புக்குச் செய்யும் செலவுகளில் இதைப் போலப் பலன் தருவது குறைவு.

பின்வாசல், குளியலறை ஜன்னல், மாடிக் கதவு ஆகியவற்றையும் அதே கண்ணோடு பார்த்துவிடுங்கள். முன்கதவில் மூன்று பூட்டு, பின்கதவில் ஒரு துருப்பிடித்த கொக்கி என்று இருக்கும் வீடுகள் ஏராளம். பூட்டாமல் விட்ட கதவு வழியாகவும் திறந்து கிடந்த ஜன்னல் வழியாகவும் நடக்கும் திருட்டுகளும் நிறைய. மிதியடிக்குக் கீழேயும் பூந்தொட்டியிலும் சாவி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். திருட வருபவன் முதலில் தேடும் இடங்கள் அவை.

ஊருக்குப் போறப்ப என்ன செய்யணும்?

வீட்டில் ஆள் இல்லை என்பது வெளியிலிருந்து தெரியக் கூடாது, அவ்வளவுதான். வாசலில் சேரும் தாளையும் பொட்டலங்களையும் எடுத்து வைக்க, மேலே சொன்ன வீட்டாரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நேரம் வைத்துத் தானாக எரிந்து அணையும் விளக்கு கிடைத்தால் மாட்டுங்கள். இரவும் பகலும் ஒரே விளக்கு எரிந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள்.

கேமரா மாட்டிட்டா வேலை முடிஞ்சிடும்ல?

கேமராவால் பலன் உண்டு, எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13% குறைந்திருக்கிறது. வாகன நிறுத்துமிடங்களில்தான் பலன் அதிகம். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. திரையை ஒருவர் உட்கார்ந்து கவனித்த இடங்களில் பலன் கூடுதலாக இருந்தது.

மாட்டுவதென்றால் ஒழுங்காக மாட்டுங்கள். உயரத்தில் வைத்து உச்சந்தலையை மட்டும் படம் பிடிப்பதால் பயனில்லை. நுழைபவரின் முகம் தெரிகிற கோணம் வேண்டும். கேமராவில் ஓடும் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எத்தனை நாளில் அழிந்து மேலே புதிய பதிவு ஏறும் என்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலும் முற்றமும் படத்தில் விழாமல் திருப்பி வையுங்கள். அது மரியாதை, பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

தெரு இருட்டா கிடக்குது, பக்கத்துல காலி மனையில குப்பை. இதெல்லாம் சின்ன விஷயம்தானே?

சின்ன விஷயமே இல்லை. நியூயார்க்கின் அரசுக் குடியிருப்பு வளாகங்கள் சிலவற்றில் 2016-இல் கூடுதல் விளக்குகளை வைத்துச் சோதித்தார்கள். எந்த வளாகத்துக்கு விளக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால், விளக்கு கிடைக்காத வளாகங்களோடு நேராக ஒப்பிட முடிந்தது. இரவில் வெளியிடங்களில் நடக்கும் கடுமையான குற்றங்கள் சுமார் 36% குறைந்தன.

பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியில் குப்பையை அள்ளி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள். மீதியை அப்படியே விட்டார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, சுத்தம் செய்த மனைகளைச் சுற்றியுள்ள ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29% குறைந்தது. யாரையும் கைது செய்யாமல் கிடைத்த பலன் இது. அதனால் எரியாத விளக்கின் கம்ப எண்ணைக் குறித்து உள்ளாட்சிக்குப் புகார் கொடுங்கள், பதிவு எண்ணை வாங்கி வையுங்கள், சரியாகும் வரை விடாதீர்கள். மனைக்குச் சொந்தக்காரர் யாரென்று தெரிந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து போய்ப் பேசுங்கள்.

சந்தேகப்படுற மாதிரி ஆள்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஆளைப் பார்க்காதீர்கள், செயலைப் பாருங்கள். நிறுத்தியிருக்கும் வண்டிகளின் கதவுப் பிடியை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே போவது, கதவைத் தட்டி பதில் இல்லை என்றதும் வீட்டின் பின்பக்கம் சுற்றிப் போவது, வெளியூர் போயிருப்பவர்கள் வீட்டிலிருந்து சாமான் ஏற்றுவது - இவையெல்லாம் செயல். உடை, நிறம், பேசும் மொழி, ஏழ்மை, 'இந்தப் பக்கம் பார்த்ததில்லையே' என்ற நினைப்பு - இவை எதுவும் சந்தேகத்துக்குக் காரணம் ஆகாது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், பாதுகாப்பு என்ற பெயரில் அப்பாவிகளைத் துரத்துகிற தெருவாக நம் தெரு மாறிவிடும்.

முடிவு செய்ய முடியாத நிலையில், பகல் நேரம், பக்கத்தில் ஆட்களும் இருக்கிறார்கள் என்றால், 'யாரைப் பார்க்கணும்? வீடு தேடுறீங்களா?' என்று மரியாதையாகக் கேளுங்கள். முகவரி தேடி வந்தவருக்கு அது உதவி. வேறு நோக்கத்தோடு வந்தவருக்கு, தன்னை ஒருவர் பார்த்துவிட்டார் என்று புரிந்துவிடும்.

அவசர எண்ணுக்கு எப்ப கூப்பிடணும்? கூப்பிட்டா என்ன சொல்லணும்?

குற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது, அல்லது யாருக்கோ உடனடி ஆபத்து என்றால் உங்கள் நாட்டின் அவசர எண்ணைத் தயங்காமல் அழையுங்கள். நேற்றே நடந்து முடிந்தது, தொடர்ந்து தொல்லை, சந்தேகம் மட்டும் என்றால் காவல் நிலையத்தின் நேரடி எண். இரண்டையும் ஃபோனில் பதிந்து வையுங்கள்.

முதல் வாக்கியமே இடமாக இருக்கட்டும். பாதியில் அழைப்பு துண்டிக்கப்பட்டாலும் எங்கே வர வேண்டும் என்பது அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். 'இன்ன தெரு, இத்தனாம் எண் வீடு, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம். வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. இரண்டு பேர் பின்பக்க ஜன்னலை உடைக்கிறார்கள், இப்போது உள்ளேதான் இருக்கிறார்கள். ஒருவர் கையில் கம்பி இருக்கிறது.' இந்த வரிசை போதும். ஆள் அடையாளம் கேட்டால் உயரம், நடை, காலில் போட்டிருப்பது ஆகியவற்றைச் சொல்லுங்கள். சட்டையை வழியிலேயே மாற்றிவிடலாம், செருப்பை மாற்றுவது குறைவு. வண்டி என்றால் எண், எந்தப் பக்கம் போனது. 'நீங்கள் வையுங்கள்' என்று அவர்கள் சொல்லும் வரை நீங்களாக ஃபோனை வைக்காதீர்கள்.

நிறைய பேர் பார்த்திருப்பாங்க, வேற யாராவது சொல்லியிருப்பாங்கன்னு விட்டுடலாமா?

விடாதீர்கள். ஒரே சம்பவத்துக்கு ஐந்து அழைப்புகள் போனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒன்றுகூடப் போகாவிட்டால்தான் நஷ்டம். 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் கொல்லப்பட்டபோது, 38 பேர் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார்கள் என்று செய்தி பரவியது. அது மிகைப்படுத்திய செய்தி என்று பிறகு தெரியவந்தது. கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் ஓடி வந்து அவரைக் கையில் தாங்கிக்கொண்டார்.

மனிதர்கள் உதவ மாட்டார்கள் என்ற அந்த நம்பிக்கையே தவறு. ஆம்ஸ்டர்டாம், கேப்டவுன், இங்கிலாந்தின் லங்காஸ்டர் ஆகிய இடங்களின் கேமராப் பதிவுகளில் 219 பொது இடச் சண்டைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது சம்பவங்களில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருக்கிறார். நீங்கள் முன்னால் வந்தால் தனியாக நிற்க மாட்டீர்கள்.

திருடன் கையும் களவுமா மாட்டினா, நாங்களே நாலு சாத்து சாத்தினா என்ன தப்பு?

பிடிபட்டவர் திருடன்தானா என்பதே அந்த நேரத்தில் உறுதியாகத் தெரியாது. கூட்டம் அடிக்க ஆரம்பித்தால் நிறுத்த ஆள் இருக்காது. உயிர் போனால் அது கொலை. கை வைத்த ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். பிடிபட்டவர் கத்தியை எடுத்தால் உங்கள் பிள்ளைகளில் ஒருவர் போவார். சத்தம் போடுங்கள், விளக்குகளை எரியவிடுங்கள், தப்பிப் போகும் வழியை மறிக்காமல் அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், உடனே போலீஸை அழையுங்கள். ஏற்கெனவே கூட்டம் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே உங்கள் வேலை.

தெருவுக்குன்னு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம். அதுல எல்லாத்தையும் போடலாமா?

2018-இல் இந்தியாவில் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி பல உயிர்களைக் குடித்தது. அந்த ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரைன்பாடா கிராமத்தில் ஐந்து பேரைக் கூட்டம் அடித்தே கொன்றது. அனுப்பியவர்களில் பலர் பிள்ளைகள் மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்கள். அதனால்தான் நல்ல எண்ணம் மட்டும் போதாது என்கிறேன். அதே மாதம் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

குழுவில் நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு, என்ன நடந்தது. வேறு இடத்திலிருந்து வந்த செய்தியை அப்படியே தட்டிவிடக் கூடாது. ஒருவருடைய படத்தைப் போட்டு 'இவர்தான்' என்று எழுதவே கூடாது. இன்னொரு விஷயம், பலர் மறந்துவிடுவது: சந்தேகம் தீர்ந்ததும் அதையும் எழுதுங்கள். 'காலையில் சொன்ன ஆள் மின்வாரியத்திலிருந்து வந்தவர்' என்ற ஒரு வரி வராவிட்டால், அந்த மனிதர் நாள் முழுக்கத் தெருவில் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படுவார்.

ராத்திரி ரோந்து போகலாமா? அதுல உண்மையிலேயே பலன் இருக்கா?

அண்டை வீட்டார் கூடி நடத்தும் காவல் குழுக்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2008-இல் ஒரு மதிப்பாய்வு வந்தது. சராசரியாக 16 முதல் 26 சதவீதம் வரை குற்றம் குறைந்ததாக அதில் கண்டார்கள். எல்லா இடத்திலும் அல்ல. சில இடங்களில் எந்த மாற்றமும் இல்லை.

போவதென்றால் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, இருவர் மூவராக, டார்ச்சும் ஃபோனும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். கம்போ கத்தியோ வேண்டாம். யாரையும் பின்தொடர வேண்டாம். 2012-இல் புளோரிடாவின் சான்ஃபோர்டில் 17 வயதுப் பையன் டிரேவான் மார்ட்டினைக் குடியிருப்புக் காவல் தொண்டர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அந்தப் பையனிடம் ஆயுதம் எதுவும் இல்லை; கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். தொண்டர் அவனைப் பின்தொடர்ந்தபோது, அது தேவையில்லை என்று போலீஸின் சாதாரண எண்ணில் பேசியவர் சொல்லியிருந்தார். பார்ப்பதும் சொல்வதும் நம் வேலை. அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க நமக்குப் பயிற்சியும் இல்லை, அதிகாரமும் இல்லை.

இங்க தடுத்தா அவன் பக்கத்துத் தெருவுக்குப் போயிடுவான். இதுல என்ன நன்மை?

நியாயமான கேள்வி. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு அப்படி நடப்பதில்லை. இதற்காகவே 102 திட்டங்களின் மதிப்பீடுகளை அலசிய ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. குற்றம் இடம் மாறியது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிகழ்வுகளில்தான். அதே அளவு நிகழ்வுகளில், ஒன்றுமே செய்யாத பக்கத்துப் பகுதியிலும் குற்றம் குறைந்தது. பெரும்பாலான திருட்டுகள் வாய்ப்பைப் பார்த்து நடப்பவை. வாய்ப்பு போனால் எல்லாருமே வேறு வீடு தேடிக் கிளம்புவதில்லை.

ஒரு வீட்டுல ஏற்கெனவே திருடு போயிடுச்சு. இனி அங்க வர மாட்டாங்கதானே?

நேர்மாறு. மறுபடி வர வாய்ப்பு அதிகமுள்ள வீடு அதுதான். வழி தெரியும், எது எங்கே இருக்கிறது என்று தெரியும், போன சாமானுக்குப் பதில் புதிதாக வாங்கி வைத்திருப்பார்கள் என்பதும் தெரியும். இங்கிலாந்தின் ரோச்டேலில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களின் நடுவில் ஆராய்ந்தபோது, ஒருமுறை திருடு போன வீட்டில் மறுபடி திருட்டு நடக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட நான்கு மடங்கு என்று தெரிந்தது. அதனால் முழுக் குடியிருப்பிலும் கவனத்தைச் சிதறவிடாமல், திருடு போன வீட்டுக்கு மட்டும் பூட்டுகளை உறுதியாக்கி, சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை அதைக் கவனித்துக்கொள்ளச் சொன்னார்கள். காசு போட்டு எரிவாயுவும் மின்சாரமும் வாங்கும் மீட்டர்களில் இருந்த பணத்துக்காகவே பலர் உடைத்ததால் அந்த மீட்டர்களையும் மாற்றினார்கள். மூன்றாண்டுகளில் அங்கே வீட்டுத் திருட்டு 75% குறைந்தது.

ஆகவே திருடு போன வீட்டாரிடம் துக்கம் விசாரித்துவிட்டு வந்துவிடாதீர்கள். அன்றைக்கே பூட்டை மாற்ற உதவுங்கள் (என்ன பார்க்க வேண்டும் என்பது பூட்டு பற்றிய பதிலில் இருக்கிறது). அடுத்த சில வாரங்களுக்கு அந்த வீட்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

போனது பழைய சைக்கிள்தான். இதுக்குப் போய்ப் புகார் கொடுக்கணுமா?

கொடுங்கள். சைக்கிள் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒரே தெருவில் ஒரே மாதிரி மூன்று புகார்கள் பதிவானால்தான் ரோந்து வண்டியின் பாதை மாறும். பதிவாகாத திருட்டு, கணக்கில் நடக்காத திருட்டு.

பசங்க கும்பலா தெருமுனையில உக்காந்திருக்காங்க. போலீஸ்கிட்ட சொல்லட்டுமா?

என்ன செய்கிறார்கள்? சும்மா உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றால் அது குற்றம் இல்லை. செயலைப் பாருங்கள் என்று மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும். போய்ப் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த ஒருவர் பார்க்கிறார் என்றாலே நடத்தை மாறும். தெருவில் ஏதாவது வேலை நடந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள். வம்பு, மிரட்டல், போதைப்பொருள் விற்பனை என்று கண்ணால் பார்த்தால் மட்டும் போலீஸ்.

பக்கத்து வீட்டுல அடிக்கிற சத்தம், அழுற சத்தம் கேக்குது. அது அவங்க குடும்ப விஷயம் இல்லையா?

இல்லை, அது குற்றம். தெருவில் ஒருவரை ஒருவர் அடித்தால் ஓடிப்போய் விலக்கும் நாம், சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தால் காதைப் பொத்திக்கொள்கிறோம். அடி நடந்துகொண்டிருந்தால் அவசர எண்ணை அழையுங்கள். ஆபத்து அவ்வளவு கடுமையாக இல்லை என்று பட்டால், வேறு ஏதோ காரணம் சொல்லி அழைப்பு மணியை அடியுங்கள். அந்தச் சின்ன இடைவெளியே அடியை நிறுத்தலாம்.

அடிபடுபவரிடம் பிறகு தனியாக, அடிப்பவர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். 'ஏன் இன்னும் இங்கே இருக்கீங்க?' என்று கேட்காதீர்கள். 'எந்த நேரமானாலும் எங்க வீட்டுக் கதவைத் தட்டலாம்' என்று சொல்லுங்கள். அவர் கேட்காமல் அவருக்காக அடிப்பவரிடம் போய் நியாயம் பேசினால், கதவு மூடிய பிறகு அதற்கான தண்டனை அவர் தலையில்தான் விழும். பிள்ளைகள் அடிபடுகிறார்கள் என்றால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் பல நாடுகளில் இருக்கிறது, உங்கள் நாட்டினுடையதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் சொன்னா பழிவாங்குவாங்களே?

பயம் நியாயமானதுதான். பெயர் சொல்லாமல் தகவல் தரும் ஏற்பாடு இதற்காகவே உருவானது. அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் 1976-இல் துப்பு கிடைக்காத ஒரு கொலை வழக்குக்காக க்ரைம் ஸ்டாப்பர்ஸ் என்ற திட்டம் தொடங்கியது. இன்று பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் பகுதியில் அப்படி ஒரு எண் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பல வீட்டார் கையெழுத்திட்டு ஒரே மனுவாகக் கொடுங்கள். ஒருவர் மேல் மட்டும் பகை விழாது. தகவல் கொடுத்ததை வேறு யாரிடமும் பேசாதீர்கள், தெருக் குழுவில்கூட எழுதாதீர்கள்.

ஆரம்பத்துல எல்லாரும் வர்றாங்க, ரெண்டு மாசத்துல படுத்துடுது. என்ன பண்றது?

பெரும்பாலும் காரணம், கூட்டம் மட்டும் நடக்கிறது, வேலை நடப்பதில்லை. முதல் மாதத்திலேயே கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை முடியுங்கள்: எரியாத இரண்டு விளக்கு, ஒரு குப்பை மனை. பொறுப்பை ஒருவர் தலையில் கட்டாமல் சிறு சிறு துண்டுகளாகப் பிரியுங்கள். விளக்குப் புகார் ஒருவர், குழுவில் வதந்தியை நிறுத்துவது ஒருவர், தனியாக இருக்கும் முதியவர்களை வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது இன்னொருவர். மாதாமாதம் கூட வேண்டிய அவசியம் இல்லை. பேச விஷயம் இருக்கும்போது கூடினால் போதும்.

புதிதாகக் குடிவருபவர்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாடகை வீடுதானே, எப்போது வேண்டுமானாலும் போய்விடுவார்கள் என்று யாரும் பேசாமலே இருந்துவிடுகிற வீடுகள்தான் தெருவில் யாருக்கும் தெரியாத வீடுகளாக ஆகின்றன. சாமான் இறங்கிய வாரத்திலேயே ஒருவர் போய்க் கதவைத் தட்டி, தெருவின் எண்களைக் கொடுத்து, அவர்கள் எண்ணை வாங்கிக்கொண்டு வரட்டும்.